ஏறியதும் இறங்கியதும்: மாலியின் டோகன் ஊர்கள்

கம்பங்களி தின்று வளர்ந்தவர்களுக்கு மேற்கு ஆப்பிரிக்காவோடு தெரியாமலே ஓர் உறவு உண்டு. கம்பு அங்கிருந்து வந்த தானியம். மாலி நாட்டின் வடகிழக்கே திலெம்சி பள்ளத்தாக்கில் தோண்டியெடுத்த பானையோடுகளில், களிமண்ணோடு சேர்த்துப் பிசைந்த கம்பு உமியின் தடம் அப்படியே பதிந்திருக்கிறது. சுமார் 4500 ஆண்டு பழைய தடம். தானாக முளைத்த காட்டுக் கம்பு அல்ல, மனிதர் விதைத்து அறுத்த கம்பு. அதற்குப் பிறகு ஓராயிரம் ஆண்டுக்குள்ளேயே அந்த விதை இந்தியாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

திலெம்சிக்குத் தென்மேற்கே, நைஜர் ஆற்றின் பெருவளைவுக்குள், பண்டியாகரா என்றொரு பாறைநாடு இருக்கிறது. அங்கே வாழும் டோகன் மக்களுக்கு இன்றும் கம்புதான் சோறு. விடியும்போது ஊருக்கு ஊர் உலக்கைச் சத்தம் கேட்கும். குத்திய மாவைக் கெட்டியான களியாகக் கிண்டுவார்கள். மாலி முழுக்க அதற்கு ‘தோ’ என்று பெயர். தொட்டுக்கொள்ள, பெருக்கமரத்து (பாவோபாப்) இலையை உலர்த்திப் பொடித்து வைத்த வழவழப்பான குழம்பு.

டோகன்களைப் பற்றி வெளியே பரவியிருக்கும் சித்திரம் ஒன்று உண்டு: செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டு, உலகம் மாறியது தெரியாமல், முகமூடி ஆட்டமும் ஆதிக்கதைகளுமாக வாழும் மக்கள் என்று. படங்கள் அழகானவை. ஆனால் இந்த ஊர்களின் வரலாறு அசையாமல் நின்ற வரலாறு அல்ல. ஆபத்து வந்தபோது மேலே ஏறினார்கள். அது விலகியபோது கீழே இறங்கினார்கள். எப்போது ஏறினார்கள், எப்போது இறங்கினார்கள், இறங்கிய இடத்தில் ஏற்கெனவே யார் இருந்தார்கள் என்று பார்த்தால், இன்று அங்கே நடக்கும் துயரமும் ஓரளவு விளங்கும்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மூன்று படிகளாக அமைந்த நாடு அது. மேல்படி மணற்பாறையாலான பீடபூமி. பெரும்பகுதி வெறும் கல். மண் இருக்கும் இடம் இடுக்குகளில் மட்டும். பண்டியாகரா நகரம் இந்தப் பீடபூமியில், யாமே ஆற்றங்கரையில் இருக்கிறது. பீடபூமி கிழக்கே சென்று சட்டென்று முறிகிறது. அந்த முறிவுதான் பெயர்பெற்ற செங்குத்துச் சரிவு. தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் சுமார் 150 கிலோமீட்டர் நீளம். தெற்கே நூறு மீட்டர் உயரத்தில் தொடங்கி வடக்கே ஐந்நூறு மீட்டரைத் தொடும். அதன் அடியிலிருந்து கிழக்கே புர்க்கினா ஃபாசோ எல்லைப் பக்கம் விரிவது சேனோ சமவெளி. மணற்பாங்கான நிலம் என்று ஃபுலானி மொழியில் பொருள்படும் பெயர். டோகன் உழவர்கள் இன்று விதைக்கும் வெளிக்கு ஃபுலானி இடையர்களின் மொழியில் பெயர் இருப்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழை ஜூனில் தொடங்கி செப்டம்பரோடு முடிந்துவிடும். மீதி எட்டு மாதமும் வறட்சிதான். ஆகவே ஊர் எங்கே அமைய வேண்டும் என்பதைத் தண்ணீர்தான் தீர்மானித்தது. பீடபூமியில் விழும் மழை மணற்பாறையின் வெடிப்புகளில் இறங்கி, சரிவின் அடியில் ஊற்றாகக் கசிகிறது. சமவெளியிலோ நிலத்தடி நீர் வெகு ஆழத்தில். பல இடங்களில் ஐம்பது மீட்டருக்கும் கீழே. கயிறும் உடலுழைப்பும் மட்டுமே கொண்டு கிணறு வெட்டிய காலத்தில், சரிவின் அடிவாரத்தை விட்டால் வேறு போக்கில்லை. அங்கும் விளையக்கூடிய மண்ணில் வீடு கட்டமாட்டார்கள். மேலிருந்து உருண்டு விழுந்த பாறைக் குவியலின் மீதுதான் வீடுகள். மண் முழுக்கக் கம்புக்கு.

அப்படி ஓர் ஊருக்குள் நடந்தால் முதலில் கண்ணில் படுவது வீடுகளைவிடக் குதிர்கள்தான். கல்லின்மேல் எழுப்பிய, சதுர வாக்கான மண் குதிர்கள். தலையில் கூம்பாக ஒரு வைக்கோல் குல்லாய். ஆண்களின் குதிரில் குடும்பத்தின் கம்பு இருக்கும். பெண்ணின் குதிர் வேறு. உள்ளே அறை அறையாகத் தடுத்து, அவள் விளைவித்த நிலக்கடலை, தட்டப்பயறு, அவளுடைய துணி, பணம் எல்லாம் வைத்திருப்பாள். ஊர் நடுவே ‘தோகு நா’ என்னும் ஆண்களின் மன்றம். செதுக்கிய மரத்தூண்களோ அடுக்கிய கல்தூண்களோ தாங்கும் கூரை அது. குறுக்கும் நெடுக்குமாகக் கம்புத்தட்டையை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். கடும் வெயிலிலும் அதன் அடியில் குளிர்ச்சி நிற்கும். கூரையும் தரையும் நெருங்கி இருப்பதால் யாரும் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. உட்கார்ந்துதான் பேசியாக வேண்டும்.

அந்தி சாய்ந்ததும் குறிசொல்பவர் ஊருக்கு வெளியே மணலைத் தட்டிச் சமமாக்கி, விரலால் கட்டங்கள் கீறுவார். ஒவ்வொரு கட்டத்திலும் சிறு குச்சி, கூழாங்கல், கோடு என்று ஒரு கேள்வியை வைப்பார். மழை எப்போது, பயணம் போன மகன் திரும்புவானா, நோய் தீருமா என்பவை அந்தக் கேள்விகள். நடுநடுவே நிலக்கடலை. இரவில் வெளிர்நிற நரி வந்து கடலையைத் தின்றுவிட்டுப் போகும். விடிகாலையில் அதன் காலடித் தடம் எந்தக் கட்டத்தை மிதித்தது, எதைத் தாண்டியது என்று பார்த்துப் பதில் சொல்வார். சந்தை ஐந்து நாளுக்கு ஒருமுறை. டோகன்களின் பழைய வாரத்துக்கே ஐந்து நாள்தான்.

சரி, இவர்கள் இங்கே எப்போது வந்தார்கள்? இந்தப் பாறை டோகன்களோடு தொடங்கவில்லை. பண்டியாகரா நகரத்துக்கு அருகில் உஞ்ஜுகு என்ற இடத்தில், ஆப்பிரிக்காவிலேயே மிகப் பழமையானவற்றில் சேரும் பானையோடுகள் கிடைத்திருக்கின்றன. பதினோராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழமை. சரிவின் குகைகளில் கி.மு. மூன்று, இரண்டாம் நூற்றாண்டுகளில் களிமண் சுருள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் குதிர் செய்த மக்கள் இருந்தார்கள். ஆய்வாளர்கள் அவர்களைத் தொலோய் என்கிறார்கள். நெடிய இடைவெளிக்குப் பிறகு, 11ஆம் நூற்றாண்டு முதல் 16ஆம் நூற்றாண்டு வரை அதே குகைகளைப் பயன்படுத்தியவர்கள் தெல்லெம் மக்கள்.

தெல்லெம் என்பது அவர்கள் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயர் அல்ல. ‘இங்கே நாங்கள் கண்டவர்கள்’ என்ற பொருளில் டோகன்கள் வைத்த பெயர். தமக்கு முன்னே ஒரு மக்கள் இருந்ததை மறைக்காமல், பெயரிலேயே ஒப்புக்கொண்ட மக்கள் டோகன்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த சொல் அதுதான். தெல்லெம்கள் இறந்தவர்களை எட்ட முடியாத உயரத்துக் குகைகளில் கிடத்தினார்கள். உலர்ந்த காற்று அவர்களுடைய பருத்தித் துணிகளையும் கம்பளித் துணிகளையும் இற்றுப்போகாமல் காத்தது. 1960, 70களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அவற்றை வெளியே எடுத்தபோது, சகாராவுக்குத் தெற்கே எஞ்சியிருக்கும் மிகப் பழைய துணிகளில் சில அவை என்று தெரிந்தது. டோகன்களும் அதே குகைகளில் தம் இறந்தவர்களை வைக்கத் தொடங்கினார்கள். பெருக்கமரத்துப் பட்டையை உரித்துத் திரித்த கயிற்றில் உடலைக் கட்டி மேலே இழுப்பார்கள். பட்டையை உரித்தாலும் பெருக்கமரம் சாவதில்லை. மறுபடி தோல் வளர்த்துக்கொள்ளும். அந்த ஊர்ப்பக்கத்து மரங்களின் அடியில் ஆளுயரத்துக்கு வடு வடுவாகத் தெரியும்.

மாண்டே நாட்டிலிருந்து, அதாவது தென்மேற்கில் பழைய மாலிப் பேரரசின் தாயகத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்று டோகன் முதியோர் சொல்வார்கள். 14, 15ஆம் நூற்றாண்டுகளில் அந்த வருகை நடந்திருக்கலாம் என்பது வழக்கமான கணிப்பு. ஆனால் எல்லோரும் ஒரே கூட்டமாக வந்தவர்கள் என்று கொள்ள முடியாது. டோகன் மொழி ஒன்றல்ல. இருபது அளவில் மொழிகள் உண்டு. ஒரு பள்ளத்தாக்கின் மொழி அடுத்ததற்குப் புரியாத இடங்கள் பல. மேற்கே சில ஊர்களில் பேசும் பாங்கிமே என்ற மொழி டோகன் மொழிக் குடும்பத்தோடும் சேராது, உலகில் வேறெந்த மொழிக் குடும்பத்தோடும் சேராது. அந்த ஊரார் தங்களை டோகன் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். பல திசைகளிலிருந்து ஒண்ட வந்தவர்களை ஒரே பாறை ஒரே மக்களாக்கியது என்று எடுத்துக்கொள்வதே பொருத்தமாகப் படுகிறது.

ஒண்ட வேண்டிய காரணம் குதிரை. சமவெளிப் பேரரசுகளின் பலம் குதிரைப்படை. அந்தப் படைக்குத் தீனி போட்டது அடிமை வேட்டை. சொங்காய் அரசு, தெற்கே மோசி அரசுகள், மேற்கே சேகுவின் பம்பாரா அரசு என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஆள் பிடித்தது. குதிரை பாறை ஏறாது. கவைக்கோலில் படி வெட்டிய ஏணியை மேலே இழுத்துக்கொண்டால் ஆளும் ஏற முடியாது. விதைக்கவும் அறுக்கவும் வெட்டவெளிக்குப் போக வேண்டியிருந்ததால் முழுப் பாதுகாப்பு என்று ஒன்று இருந்ததே இல்லை. ஓடி ஏறும் தொலைவுக்குள் வயல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சரிவையொட்டிய குறுகிய பட்டை நிலத்திலேயே தலைமுறைகள் உழன்றதற்கு அதுதான் காரணம்.

19ஆம் நூற்றாண்டில் நெருக்கடி முற்றியது. 1818இல் சேக்கு அமாது என்ற ஃபுலானி மார்க்க அறிஞர் மாசினா அரசை நிறுவி, ஹம்தல்லாஹி என்ற தலைநகரை எழுப்பினார். சேனோ வெளி அந்த அரசின் பிடிக்குள் வந்தது. ஃபுலானிகள் தம்மவரல்லாதவரை ‘ஹாபே’ என்பார்கள். பிற்காலத்துப் பிரெஞ்சு ஆவணங்களும் டோகன்களை அந்தப் பெயராலேயே குறித்தன. 1862இல் மேற்கிலிருந்து வந்த எல் ஹாஜ் உமர் தால் என்ற மார்க்கப் போர்த்தலைவர் ஹம்தல்லாஹியைப் பிடித்தார். இரண்டே ஆண்டில் கிளர்ச்சியாளர்களால் துரத்தப்பட்டு, பண்டியாகரா பாறைநாட்டில் தெகெம்பெரே என்ற இடத்துக் குகையில் மாண்டார். அவருடைய சகோதரர் மகனான திஜானி தால், டோகன்களில் பலரைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு மாசினாவை வென்று, பண்டியாகராவைத் தலைநகராக்கினார். 1893இல் பிரெஞ்சுப் படை வந்து அந்த அரசையும் கைப்பற்றியது.

காலனி ஆட்சி வரியும் கட்டாய வேலையும் கொண்டுவந்தது. எதிர்த்த ஊர்களைச் சுட்டது. கூடவே அடிமை வேட்டையும் குதிரைப்படையும் ஓய்ந்தன. அதன் பின்னர் நடந்ததுதான் டோகன் வரலாற்றின் மிகப் பெரிய மாற்றம் என்பேன். சுற்றுலா வழிகாட்டிகள் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை, ஏனென்றால் அதில் முகமூடி எதுவும் இல்லை. மக்கள் இறங்கினார்கள்.

முதலில் சரிவுக்கு நேர் கீழே, பிறகு இன்னும் தள்ளி, பிறகு சேனோவின் நடுவுக்கே. மேலே தாய் ஊர், கீழே அதன் பெயரைச் சுமந்த புது ஊர். காடு திருத்தி மணலில் கம்பு போட்டார்கள். ஆழக் கிணறுகள் வந்தன. கொரோ, பங்காஸ் சுற்றுவட்டாரம் மாலியின் கம்புக் களஞ்சியமாக மாறியது இந்த இறக்கத்தால்தான். யுனெஸ்கோ 1989இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பகுதியில் 289 ஊர்கள் அடக்கம். ஆனால் டோகன்களில் பெரும்பாலோர் அதற்குள்ளேயே, பாறையிலேயே இருக்கிறார்கள் என்று நினைத்தால் தவறு. உழவர் கூட்டம் மணல்வெளிக்குப் போய் நெடுங்காலமாகிறது.

மணலில் அவர்களைக் காத்தது ஒரு மரம். பலன்சான் என்று பம்பாரா மொழியில் சொல்வார்கள். நம் வேல மரத்துக்கு உறவு. மற்ற மரங்களுக்கு நேர்மாறாக, மழைக்காலத்தில் இலை உதிர்த்து நிற்கும், கோடையில் துளிர்க்கும். கம்பு வளரும் நாளில் நிழல் போடாது, வெயிலில் ஆடுமாட்டுக்குத் தழையும் காயும் தரும். உதிர்ந்த இலையும் நிழலில் ஒதுங்கிய மாடுகளின் சாணமும் சேர்ந்து, அதன் அடியில் விளையும் கம்புக் கதிர் மற்றதைவிடத் திரண்டிருக்கும். காலனி ஆட்சி 1935இல் கொண்டுவந்த வனச் சட்டம் மரத்தை அரசின் சொத்தாக்கி, சொந்த வயலின் கிளையை வெட்டியவருக்கும் அபராதம் போட்டது. விளைவு, உழவர்கள் கன்றையே வளர விடாமல் பிடுங்கினார்கள், வளர்ந்தால்தானே வம்பு. 1990களில் சட்டம் தளர்ந்தபோது, ‘பாராஹோகோன்’ என்ற பழைய மரக்காவல் அமைப்பைப் பங்காஸ் பக்கத்து ஊரார் தாமே உயிர்ப்பித்தார்கள். யாரும் நட்டுக் கொடுக்காமலே சேனோ வயல்களில் இளமரங்கள் லட்சக்கணக்கான ஏக்கரில் மீண்டும் எழுந்தன.

மேலே பீடபூமியில் தங்கியவர்களுக்குக் கைகொடுத்தது சின்ன வெங்காயம். முன்பே கொஞ்சம் பயிரிட்டிருந்தார்கள். 1930களுக்குப் பின் சிறு தடுப்பணைகள் கட்டத் தொடங்கியதும் அது வாழ்வாதாரமானது. அணைக்குப் பக்கத்தில் மண் கிடையாது, வெறும் பாறை. அதன்மேல் கல் வரப்பு கட்டி, தொலைவிலிருந்து கூடை கூடையாகத் தலையில் சுமந்து வந்த மண்ணைக் கொட்டி, பாய் அளவுக்குப் பாத்திகள் அமைத்தார்கள். சுரைக்குடுவையில் தண்ணீர் மொண்டு காலையும் மாலையும் இறைப்பார்கள். அறுவடை முடிந்ததும் பெண்கள் வெங்காயத்தைப் பாறையிலேயே இடித்து, வடகம் போல உருண்டை பிடித்து வெயிலில் பரப்புவார்கள். அணையோரப் பாறை எங்கும் கருத்த உருண்டைகள்; காற்று முழுக்க அந்த நெடி. அங்கிருந்து மொப்தி, பமாக்கோ, எல்லை தாண்டி அபிஜான் சந்தை வரை லாரியில் போகும்.

பீடபூமி விளிம்பில் உள்ள சாங்கா என்ற ஊரில் அப்படியோர் அணைக்குத் தூண்டுதலாக இருந்தவர் மார்செல் கிரியோல் என்ற பிரெஞ்சு மானுடவியலாளர். டோகன்களை உலகப் புகழாக்கியவரும் அவர்தான். 1931இல் தக்காரிலிருந்து ஜிபூட்டி வரை அவர் தலைமையில் சென்ற ஆய்வுக்குழு, வழிநெடுக மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களைப் பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு அள்ளிச் சென்றது. அவற்றில் சில திருட்டுப் பொருள்கள் என்பதைக் குழுவில் இருந்தவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1946இல் ஒகோதெம்மேலி என்ற கண்பார்வையிழந்த முதியவரோடு 33 நாள் உரையாடி, டோகன்களின் படைப்புக் கதையை ஒரு பெரும் தத்துவமாக கிரியோல் எழுதினார். பின்னர் அவர் எழுதியவற்றிலிருந்து, சிரியஸ் என்ற விண்மீனின், வெறும் கண்ணுக்குத் தெரியாத துணைவிண்மீனை டோகன்கள் அறிந்திருந்தார்கள், வேற்றுக்கிரகவாசிகள் சொல்லிக்கொடுத்தார்கள் என்றெல்லாம் கதை கிளம்பிற்று. டோகன் ஊர்களில் பல ஆண்டு தங்கி ஆராய்ந்த வால்ட்டர் வான் பேக், அப்படியொரு விண்மீன் அறிவையோ முழுமையான தத்துவக் கட்டமைப்பையோ மக்களிடம் காண முடியவில்லை என்று 1991இல் எழுதினார். எனக்கு வான் பேக் சொல்வதே சரியெனப் படுகிறது. கிரியோல் 1956இல் இறந்தபோது, சாங்கா மக்கள் அவருக்கு உருவம் செய்து, டோகன் முறைப்படி ஈமச் சடங்கு நடத்தினார்கள். அணையையும் வெங்காயத்தையும் அவர்கள் மறக்கவில்லை.

இனி, இறங்கிய இடத்தில் இருந்தவர்களிடம் வருவோம். சேனோ ஃபுலானிகளின் மேய்ச்சல் வெளி. டோகன் உழவரும் ஃபுலானி இடையரும் ஒருவரையொருவர் அண்டி வாழ வேண்டியிருந்தது. அறுவடை முடிந்த வயலில் மாடு தாளை மேயும், சாணம் உரமாகும், பால் கம்புக்கு மாறும். பணம் சேர்ந்த டோகன் மாடு வாங்கினால் ஃபுலானி இடையனிடம்தான் மேய்க்கக் கொடுப்பான். மனக்கசப்பும் இருந்தது: அடிமை வேட்டையின் நினைவு ஒரு பக்கம், மேய்ச்சல் நிலம் ஆண்டுக்காண்டு உழவுக்குப் போகிறதே என்ற வயிற்றெரிச்சல் மறுபக்கம். 1970களின் தொடக்கத்திலும் 1984ஐ ஒட்டியும் வந்த பெரும் வறட்சிகளில் மந்தைகள் செத்தன. இழந்த மாட்டை ஈடுகட்ட இடையர் சிலர் நிலத்தைக் கொத்தினார்கள். உழவர்கள் மேலும் மேலும் திருத்தினார்கள். மாட்டுத் தடங்கள் வயலாயின. வழக்குகள் முன்பு ஊர்ப் பெரியவர்களிடம் தீர்ந்தன. பின்னர் அதிகாரிகளிடம் போய், இரு தரப்பிடமும் காசு கறக்கும் வழியாயின.

2012இல் வடமாலி ஆயுதக் குழுக்களின் கைக்குப் போனது. சில ஆண்டில் அமாது கூஃபா என்ற ஃபுலானி போதகரின் தலைமையில் கதிபா மாசினா என்ற ஜிகாதி அமைப்பு மொப்தி வட்டாரத்தில் பரவியது. மாசினா என்ற பெயரே பழைய ஃபுலானி அரசை நினைவூட்டுவது. டோகன் தரப்பில் வேட்டைக்காரர்கள் 2016 முடிவில் ‘தான் நா அம்பஸ்ஸாகு’ என்ற ஆயுதக்குழுவாகத் திரண்டார்கள். 2019 மார்ச் 23 அன்று பங்காஸ் பக்கம் ஒகொஸ்ஸாகு என்ற ஃபுலானி ஊரில் சுமார் 160 பேர் கொல்லப்பட்டார்கள். அதே ஜூனில் சாங்கா பகுதியில் சோபன் தா என்ற டோகன் ஊர் எரிக்கப்பட்டது. இறந்த 35 பேரில் 24 பேர் குழந்தைகள். ஒகொஸ்ஸாகு அடுத்த பிப்ரவரியில் மறுபடியும் தாக்கப்பட்டது. ஃபுலானி எல்லோரும் ஜிகாதி அல்ல. டோகன் எல்லோரும் ஆயுதக்குழு அல்ல. ஜிகாதிகளுக்கு அடிபணிய மறுத்துச் செத்த ஃபுலானிகளும் உண்டு. இந்தச் சண்டையை ஆதிகாலப் பகை என்று செய்திகள் எழுதும்போது எனக்கு ஆறுவதில்லை. நூறாண்டுக்குள் நிலம் கைமாறிய விதமும், வழக்கைத் தீர்க்க நம்பிக்கையான இடம் இல்லாமல் போனதும், துப்பாக்கி மலிந்ததும்தான் காரணங்கள்.

அதன் பலன் நிலத்திலேயே தெரிகிறது. செயற்கைக்கோள் படங்களில், ஊரைச் சுற்றி ஒரு சிறு வளையம் மட்டும் உழுதிருக்கும். அதற்கப்பால் நேற்றுவரை வயலாக இருந்தது தரிசாகக் கிடக்கும். ஓடித் திரும்பும் தொலைவுக்குள் வயல் என்ற பழைய கணக்கு திரும்பி வந்துவிட்டது. இம்முறை எதிரி மோட்டார் சைக்கிளில் வருகிறான். மணல்வெளி ஊர்களுக்கு ஏறிக்கொள்ளப் பாறையும் இல்லை. பிழைத்தவர்கள் பண்டியாகரா, மொப்தி முகாம்களுக்குப் போயிருக்கிறார்கள்.

டோகன்களின் மிகப் பெரிய சடங்கான சிகுய் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வருவது. கடைசியாக 1967இல் யூகோ என்ற ஊரில் தொடங்கி, ஆண்டுக்கு ஓர் ஊராகச் சரிவு நெடுகப் பயணித்து 1973இல் முடிந்தது. ஆண்கள் வரிசையாகப் பாம்பு போல நெளிந்து ஆடிச் சென்றதை பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் ழான் ரூஷ் படம் பிடித்து வைத்திருக்கிறார். கணக்குப்படி அடுத்தது 2027இல் தொடங்க வேண்டும். யூகோ சரிவிலிருந்து சற்று விலகி, சமவெளியில் தனித்து நிற்கும் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. அங்கிருந்து அடுத்த ஊருக்குச் சடங்கு போக வேண்டுமானால், மணலில் இறங்கி நடந்துதான் போக வேண்டும்.